முதுகுப் பக்கத்து ஊர்கள்

பழைய கல்லடிப் பாலத்தடியில்
தோணியை நிப்பாட்டி, மோட்டரை அணைத்து
"சிலென்ஸியோ" என்றேன், வாய் தவறி.
துடுப்பின் நுனியில் காது வைத்திருந்த வெள்ளைக்காரி
சட்டென்று தலை தூக்கினாள்.
இத்தாலியில் இருந்தாயா, எந்த ஊர், எத்தனை வருஷம்,
எங்கள் பிரென்ஸேயின் பெரிய கோயிலைப் பார்த்தாயா?
மீன் பாடுவது நின்றுபோனது,
பாடியிருந்தால்.

பார்த்தேன் என்றேன்.

எட்டு வருஷம், லொரென்சா அம்மா,
வேறு எதைப் பார்த்தேன்?
அந்தக் கோயிலுக்கு ஒரு பக்கத்தில் மழை சாய்ந்தடிக்காது.
குடை விற்பவனுக்கு அதுதான் தலபுராணம்.
வானம் இருட்டினால் ஐந்து யூரோ,
துளி விழுந்தால் எட்டு,
நனைந்து முடிந்தவனுக்குப் பத்து.
மேலே சிவப்புக் கூரை இருக்கிறதாம்.
நான் பார்த்தது
அண்ணாந்து நிற்பவர்களின் கழுத்து.

விற்பவன் சனத்தைப் பார்த்து நிற்கவேண்டும்.
சனம் கோபுரத்தைப் பார்த்து நிற்கும்.
ஆகவே எந்த ஊரிலும்
கோபுரம் என் முதுகுப் பக்கம்.

ரோமில், உடைந்த வட்ட மைதானத்து வாசலில்
பிளாஸ்டிக் வாளும் செம்மயிர்த் தொப்பியுமாய்
படத்துக்குக் காசு வாங்கும் படைவீரன் ஒருவன்
எனக்கு சிகரெட் தருவான்.
பொலிஸ் வந்தால்
இரண்டாயிரம் வருஷத்துப் படைவீரனும்
சித்தாண்டியில் பிறந்த நானும்
ஒரே சந்துக்குள் ஓடுவோம்.
அவன் செருப்பு வார் நீளம். இரண்டு தரம் விழுந்தான்.

மிலான் குளிர். அதைவிடச் சொல்ல ஒன்றுமில்லை.
நாப்போலியில் எரிமலை தெரியும் என்றார்கள்;
நான் கழுவிய கோப்பைகள் நிலத்துக்குக் கீழே.

வெனிஸில் தண்ணி ஏறும்.
சதுக்கத்தில் பலகை அடுக்கி
சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு
வரிசையாய் நடப்பார்கள், சிரித்தபடி.
எனக்கென்றால் ஒரே யோசினை:
இவனுகள் ஏன் இன்னும் முகத்துவாரம் வெட்டவில்லை?
கச்சேரிக்குப் போய் ஒரு சத்தம் போட
இந்த ஊரில் ஆளில்லையா?

பீசாதான் மனதில் நிற்கிறது.
புல்வெளி நீளத்துக்கு நூறு, நூற்றைம்பது பேர்
இரண்டு கையும் நீட்டி, ஒரு காலைப் பின்வைத்து
முக்கி முக்கித் தள்ளுவார்கள்.
படமெடுப்பவனுக்கு
அவர்கள் கோபுரத்தைத் தாங்குகிறார்கள்.
பக்கவாட்டில் நின்ற எனக்கு
வெறுங்காற்று.
தள்ளி முடித்ததும் கையிரண்டையும் தட்டி
இல்லாத மண்ணை உதறுவார்கள்.
என் தட்டில் சுண்ணாம்புக் கோபுரங்கள், விரலளவு,
எப்படி வைத்தாலும் சாயும்.
கூட விற்ற புவிராஜ் சொல்வான்:
இஞ்ச சாய்ஞ்சதுக்குத்தாண்டா விலை,
நாம நேரா நிண்டுதான் கெட்டுப்போனோம்.
அவனுக்குக் காகிதம் கிடைத்தது.
எனக்கு டிக்கெட்.

எந்தெந்த நாட்டிலோ, யார்யார் வீட்டு அலமாரியிலோ
படத்தின் ஓரத்தில் நான் இருப்பேன்,
அரைத் தோள், ஒரு பிடி ரோசாப்பூ.
வெட்டியிருப்பார்கள்.
நானென்றாலும் வெட்டுவேன்.

இதெல்லாம் அவளுக்குச் சொல்லவில்லை.
விலை சொல்ல, மன்னிப்புக் கேட்க,
ஓடு என்று கத்த,
அவ்வளவுதான் என் இத்தாலி மொழி.
அழகான ஊர், என்றேன்.
ஓம் அழகுதான், என்றாள்.

நிலா பாலத்துக்கு மேலே ஒள்ளுப்பம் ஏறியிருந்தது.
புருசனும் அவளும் பாலம் தெரிய நின்றார்கள்,
எடுத்துக் கொடுத்தேன்.
மறுகா போனை வாங்கிக்கொண்டு
இப்போ நீ, என்றாள்.
கிறுகி நில், பாலம் பின்னால் வரட்டும்.

கிறுகினேன்.
இதை என் முதுகுக்கு யாரும்
சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.
தோணி ஆடியது.
படத்தில் கல்லடிப் பாலம்
என் தோளிலிருந்து முளைத்து
இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
இன்னொன்று எடுக்கவா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.

மோட்டர் கயிறை இழுத்தேன்.
மூன்றாம் இழுவையில் பிடித்தது.